அம்மா கேட்ட துப்பாக்கி

நம் பள்ளித் தோழிகள் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாளே, நினைவிருக்கிறதா? பேத்திக்கு ஏர் ரைஃபிள் ஒன்று வாங்க வேண்டும், சும்மா கொல்லையில் குறி வைத்துப் பழகத்தான், விலை கையைக் கடிக்கக் கூடாது, அடிக்கடி ரிப்பேருக்கும் போகக் கூடாது, யாருக்காவது தெரியுமா என்று. அரை நாளில் நாற்பது பதில் வந்துவிட்டது. ஒருத்தியின் மருமகன் வேகம்தான் முக்கியம் என்கிறானாம். இன்னொருத்தியின் பையன் தொலைநோக்கி வைத்ததுதான் வேண்டும் என்கிறானாம். எல்லாவற்றையும் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

உங்களில் பாதிப் பேருக்கு எங்கள் அம்மாவைத் தெரியும். நான் சாப்பாட்டுத் தூக்கை மறந்து வந்தால் விழிதியூரிலிருந்து பஸ் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வகுப்புக்குள் எட்டிப் பார்க்கக்கூட வெட்கப்பட்டு வாசலோடு திரும்பிவிடும் அம்மா. அந்த அம்மாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. இதை நான் உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கு ஒருவருடைய மானம் காரணம். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. அவருக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. இனிமேல் சொன்னால் தப்பில்லை.

நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆனி மாதம், மாங்கனித் திருவிழா. மாடிகளிலிருந்து மாம்பழத்தை இறைக்கிறார்கள், அப்பா மேல்துண்டை விரித்துப் பிடித்தும் மூன்றுதான் விழுந்தன, அதில் ஒன்று நசுங்கிப்போய் அவர் சட்டையெல்லாம் சாறு. வீதி முழுக்க மாம்பழ வாசனையும் வேர்வையும். கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்தால் கடைகளின் கோடியில் பலூன் பலகை. ஒரு கட்டையில் நாலைந்து வரிசையாகப் பலூன் கட்டி, பத்தடி தள்ளி ஒரு துப்பாக்கியைச் சாய்த்து வைத்திருப்பார்களே, அதுதான்.

நான் பத்து சுட்டேன். ஒரே ஒரு பலூன் வெடித்தது, அதுவும் நான் குறி வைக்காத பலூன். சித்தப்பா, அப்பாவின் தம்பி, அப்போது கல்யாணமாகாதவர், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு இரண்டு. அம்மா பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என் காதருகே குனிந்தாள்.

"நீ செவப்பப் பாத்து சுட்ட, வலப்பக்கத்து மஞ்சள் வெடிச்சுது. ஒங்க சித்தப்பா பச்சையப் பாத்து சுட்டாரு, அதுக்கு வலப்பக்கம் கட்டையில பட்டுச்சு. எல்லாம் ஒரு பக்கமாவே போவுது பாரு."

கடைக்காரர் காதில் அது விழுந்துவிட்டது. "நீங்க வேணா சுட்டுப் பாருங்களேன்மா" என்று கேலியாக நீட்டினார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாம்பழச் சாற்றைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். அம்மா வாங்கினாள், ஒவ்வொரு பலூனுக்கும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குறி வைத்தாள். பத்தில் ஒன்பது. ரப்பர் துண்டுகள் காற்றில் பறந்து வந்து என் முகத்தில் ஒட்டின. கடைக்காரர் ஒரு சோப்பு டப்பாவைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, பலகையைச் சரி பண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் அப்பா பஸ்ஸில். வீடு வந்து சேரும்வரை அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரல் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அப்பாவுக்கு மின்சாரத் துறையில் வேலை. அந்த மாதம் சம்பள நிலுவை மொத்தமாக வந்தது. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "ஒனக்கு என்ன வேணும், சொல்லு. வளையலா, பொடவையா?" என்று கேட்டார். நல்ல மனுஷர். கேட்கவே செய்யாத கணவர்கள் நிறைந்த தெரு அது.

அம்மா முறத்தை நிறுத்தாமல் சொன்னாள். "பலூன் கடையில இருந்துச்சே, அது மாதிரி ஒண்ணு."

அப்பா சிரித்தார். வெகு நேரம் சிரித்தார். அம்மா கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"எதுக்கு அது?"

"சும்மாதான். வெள்ளத்தாள்ல வட்டம் போட்டு சுடலாம்."

"காக்கா குருவி அடிக்கவா?"

"ஐயோ, அந்தப் பாவமெல்லாம் வாணாங்க. தாள்லதான்."

இரண்டு நாள் அப்பா யோசித்தார். மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அம்மா வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் ஒத்துக்கொண்ட கையோடு காரியத்தை அம்மாவின் கையிலிருந்து எடுத்துவிட்டார். துப்பாக்கி என்றால் ஆம்பிளை விஷயம். விஷயம் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் விஷயம் தெரிந்தவர் என்றால் சொல்தா.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களைச் சொல்தா என்போம், உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் தெருச் சொல்தா நெட்டையானவர். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன், சைக்கிளில் போகும்போதும் முதுகு வளையாது. ஊருக்கு வந்த புதிதில் டீக்கடையில் யாரோ, "பட்டாளத்துல சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்களாம். "தெனம் முந்நூறு சுடுவேன்" என்றாராம். அன்றிலிருந்து தெருவில் நாய் குரைத்தால்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்தப் பேச்சிலும் அவர் சொன்னது முடிவு. அவரும் அதிகம் பேசமாட்டார். அதனால் மரியாதை இன்னும் கூடிற்று.

அப்பா, சித்தப்பா, சொல்தா மூவரும் ஒரு சனிக்கிழமை காலையில் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார்கள். அம்மா மூன்று பேருக்கும் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். நீயும் வா என்று யாரும் சொல்லவில்லை. கூட்டிப் போக வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவளுக்கு வேண்டியதைக் கொண்டுவந்து கையில் கொடுப்பதுதான் பெருமை என்று நினைத்தார். அதை இப்போதுதான் புரிந்துகொள்கிறேன். அப்போது எனக்குக் கோபமாக வந்தது.

சாயங்காலம் வந்து இறங்கினார்கள். பெட்டியைப் பிரித்தபோது தெருவே கூடிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான சாமான் எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததில்லை. கட்டை வார்னிஷில் முகம் தெரிந்தது. பக்கவாட்டில் பொன் நிறத்தில் பாயும் புலி. மேலே ஒரு சின்னத் தொலைநோக்கி. எண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை கூடம் முழுக்க.

"பலகையத் தொளைச்சிடும் அண்ணி" என்றார் சித்தப்பா. "கடையிலயே இதுதான் ரொம்ப பவரு. சொல்தா அண்ணன் பாத்த ஒடனே இதுதான்னுட்டாரு."

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த அப்பாவும் மலர்ந்துபோனார்.

மறுநாளே கொல்லையில் பயிற்சி ஆரம்பம். ஒரு மரப்பெட்டியில் வயல் களிமண்ணை ஈரமாக அடைத்து, அதன் முகத்தில் தாளை ஒட்டினோம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு மசியால் கறுப்பாக்குவது என் வேலை. வாசலுக்குக் கோலப் புள்ளி அளக்கிற மாதிரி அம்மா காலடியால் அளந்து இருபது அடியில் கோடு கிழித்தாள். துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகுதான் கோட்டைத் தாண்டலாம் என்று சட்டம் போட்டாள். அதை மீறிய சித்தப்பாவுக்கு ஒரு நாள் காபி கிடையாது.

ஆனால் துப்பாக்கி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குழலை மடக்கினால்தான் உள்ளே சுருள் கம்பி இறுகும், குண்டு போடலாம். அந்தக் குழலை மடக்க அம்மா முழங்காலை முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சுட்டால் தோளில் ஓர் உதை. ஒன்று வட்டத்தில் பட்டால் அடுத்தது தாளின் மூலையில், மூன்றாவது பெட்டியின் சட்டத்தில். தாளைப் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருந்தது. ஒரு வாரம் இப்படி.

"நாந்தான் சொன்னேனே, அன்னைக்கு அதிர்ஷ்டம்னு" என்றார் அப்பா. "பொம்பளைங்களுக்குக் கை நடுங்கும்" என்றார் சித்தப்பா. அவர் சுட்டது களிமண் பெட்டியிலேயே படவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை என்று நினைக்கிறேன், ஏதோ உள்ளூர் விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். ஆண்கள் வேலைக்குப் போன பிறகு அம்மா தவிட்டு மூட்டையைக் கொல்லைக்கு இழுத்து வந்து, அதன்மேல் துப்பாக்கியைப் படுக்க வைத்தாள். கை நடுங்குவதற்கே வழியில்லை. அஞ்சு சுட்டாள். அப்போதும் கோழி கிளறல்தான்.

"பென்சில் எடுத்துட்டு வா" என்றாள். தொலைநோக்கி உட்கார்ந்திருக்கிற இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு போட்டாள். இன்னும் பத்து சுட்டாள். கோடு தெரிந்த இடத்திலிருந்து தொலைநோக்கி ஓர் அரிசி அளவு பின்னால் நகர்ந்திருந்தது. ஒவ்வோர் உதைக்கும் அது நகர்ந்திருக்கிறது. அப்புறம் குழலின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினாள். மூடிய பிறகும் அது ஆடியது, ஆடுகிற பல் மாதிரி.

"புலி நல்லாத்தான் பாயிது" என்றாள் அம்மா. "குண்டுதான் பாயமாட்டேங்குது."

என்னை அனுப்பிச் சொல்தாவைக் கூப்பிட்டுவரச் சொன்னாள். வந்தார். அம்மா துப்பாக்கியை நீட்டினாள்.

"அண்ணே, நீங்க ஒரு அஞ்சு சுட்டுக் காட்டுங்க. ஒங்க கைக்கும் இது இப்படியே போனா, துப்பாக்கியிலதான் கோளாறுன்னு அவங்ககிட்ட சொல்லிடலாம்."

சொல்தா கையை நீட்டவில்லை. அரைக்கால் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார், கழற்றினார். தோளில் வலி என்றார். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றார். அம்மா துப்பாக்கியை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக அவர் முதுகு வளைந்து பார்த்தேன்.

"எனக்கு இது தெரியாதும்மா" என்றார்.

"எது அண்ணே?"

"சுடத் தெரியாது. சேந்தப்ப பயிற்சியில பிடிச்சதோட சரி. அப்பறம் பதினஞ்சு வருஷமும் நான் பட்டாளத்து அடுப்படியில இருந்தேன். பூலான்ஜே. ரொட்டிக்காரன்."

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்ப தெனம் முந்நூறு..."

"ரொட்டி. ரொட்டிதான் சுட்டேன். டீக்கடையில சுட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க, முந்நூறுன்னேன். எதைன்னு சொல்றதுக்குள்ள அவங்களா ஒரு கதைய ஆரம்பிச்சிட்டாங்க. நாளைக்குத் திருத்திக்கலாம்னு விட்டேன். பதினோரு வருஷமாயிடுச்சு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் அடைத்தாள், தோள் குலுங்கியது. ஆனால் அவர் தலை குனிந்தே இருந்ததைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"முந்நூறும் நல்லா வருமா அண்ணே? கருகாம?"

"ரெண்டு மூணு கருகும்."

"முந்நூறுல ரெண்டு மூணுன்னா, அது சாதாரணக் கண்ணு இல்லையே."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இத ஏன் அண்ணே வாங்கச் சொன்னீங்க?"

"நல்லா மினுங்குச்சும்மா. புலி வேற போட்டிருந்துச்சு. ஒண்ணும் சொல்லாம இருந்தா என்னமோன்னு நெனைப்பாங்கன்னு கைய நீட்டிட்டேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, இது நம்ம மூணு பேரோட இருக்கணும்." அவ்வளவுதான் சொன்னாள். ஐம்பது வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும், "சொல்தா அண்ணன் வந்து பாத்தாரு. கொழல் ஆடுதாம், மேல இருக்கற கண்ணாடி நவருதாம். இத மாத்தியே ஆவணும்னாரு" என்றாள். பென்சில் கோட்டையும் காட்டினாள்.

அப்பா கோட்டைக் குனிந்து பார்த்தார். "எவ்வளவு நுணுக்கமாப் பாத்திருக்காரு பாரு. பட்டாளத்துக் கண்ணுன்னா சும்மாவா."

"ஆமாங்க. என்னையும் கூட வரச் சொன்னாரு. கைக்கு அடக்கமாப் பாக்கணுமாம்."

அடுத்த சனிக்கிழமை அம்மா, சொல்தா, நான் மூவரும் புலித் துப்பாக்கியைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனோம். திருவாரூர் தாண்டும்வரை சொல்தா நடந்ததை நினைத்து நினைத்துச் சிரித்துக் குலுங்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பாரம் இறங்கியிருந்தது.

கடைக்காரர் வயதானவர், பொறுமைசாலி. சொல்தாவைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். சொல்தா கையை உயர்த்தி மறித்து, "அம்மாகிட்ட பேசுங்க. அவங்க சொல்றதுதான்" என்றார்.

"பவரு எவ்வளவு வேணும்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பவரு வாணாங்க. அஞ்சு சுட்டா அஞ்சும் ஒரே எடத்துல போவணும். நான் தெனம் முப்பது நாப்பது தடவ மடக்கணும், கை வலிக்கக் கூடாது. கெட்டுப்போனா நம்ம ஊர்லயே சரி பண்ற மாதிரி இருக்கணும். வெல இந்தப் புலியவிடக் கொறைச்சலா இருக்கணும்."

கடைக்காரர் அம்மாவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். உள்ளே போய் மூன்று துப்பாக்கி எடுத்து வந்தார். மூன்றிலும் புலி இல்லை, தொலைநோக்கி இல்லை. முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு பள்ளம், இரண்டும் இரும்பிலேயே பிடித்தவை, நகர வழியில்லாதவை. அம்மா முதலில் ஒவ்வொரு குழலையும் மூடி ஆட்டிப் பார்த்தாள். ஒன்று ஆடியது, அதை அப்படியே தள்ளி வைத்தாள். மற்ற இரண்டையும் பத்துப் பத்து தடவை மடக்கினாள். மலிவானதில் விசையை இழுக்கும்போது மணல் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு இருந்தது. கடையின் பின்பக்கம் மணல் பெட்டி வைத்த ஒரு சந்து. அங்கே இரண்டிலும் அஞ்சு அஞ்சு சுடவிட்டார் கடைக்காரர். நான்தான் தாள் மாற்றினேன்.

மலிவானதின் ஓட்டைகள் உள்ளங்கை அகலம். இன்னொன்றின் அஞ்சு ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசை வைத்தால் மறைந்துபோயின. கறுப்பு இரும்பு, மங்கல் கட்டை, பார்த்தால் உலக்கைக்குத் தம்பி மாதிரி இருந்தது. கடைக்காரர் புலித் துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டார், இது அதைவிட விலை குறைவு. மிச்சத்துக்கு இரண்டு தகர டப்பா நிறைய குண்டு வாங்கினோம், தலை தட்டையான குண்டு, தாளில் அச்சு வைத்த மாதிரி வட்டமாகத் துளைக்கும் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். உள்ளே இருக்கிற தோல் வாஷருக்கு மாசம் ஒரு சொட்டு எண்ணெய் போதும், குண்டு இல்லாமல் வெறுமனே சுடக்கூடாது, இந்த இரண்டும் செய்தால் பேரப்பிள்ளை காலம்வரை வரும் என்றார்.

"இத்தன வருஷத்துல சுட்டுப் பாத்துட்டு வாங்கினவங்க ரொம்பக் கொறைச்சல்மா" என்றும் சொன்னார். அம்மா பஸ்ஸில் அதை மடியில் கிடத்திக்கொண்டு, வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அப்புறம் இரண்டு மாதம் எங்கள் கொல்லை ஒரு திருவிழா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் 'டப்' 'டப்' என்று சத்தம் தெருவிலேயே கேட்கும். எதிர்வீட்டு அத்தை வருவாள், மூலைவீட்டுப் புதுப்பெண் வருவாள், சுட்டுவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போவார்கள். மதிய வெயில் தாழ்ந்ததும் சொல்தா வேலிப் பக்கமாக வருவார். அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுப்பாள். "மூச்ச உள்ள இழுத்துப் பாதி விட்டுட்டு நிறுத்துங்க அண்ணே. விசைய இழுக்காதீங்க, மாவு பதம் பாக்கற மாதிரி அழுத்துங்க." மாவு என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. களிமண்ணைக் கிண்டி ஈயக் குண்டுகளைப் பொறுக்கிக் கணக்குச் சொல்வது என் பொறுப்பு. நகக்கண்ணெல்லாம் களிமண்ணாகத்தான் பள்ளிக்கு வருவேன், டீச்சரிடம் திட்டும் வாங்குவேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முன்னால் ஒரு போட்டி வைக்கலாம் என்று அப்பாதான் கிளப்பினார். தெரு முழுக்கக் கொல்லையில் கூடிவிட்டது. ஆளுக்கு அஞ்சு குண்டு. சித்தப்பாவுக்கு ஒன்று பட்டது. அப்பாவுக்கு இரண்டு. எதிர்வீட்டு அத்தைக்கு மூன்று, அதற்கே கைதட்டல். அப்போது யாரோ, "சொல்தா சுடட்டும், நாம கண்ணால பாக்கவே இல்லையே" என்றார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார். கோட்டில் நின்றார். அம்மாவைப் பார்க்கவில்லை. மூச்சை இழுத்தார், பாதி விட்டார். கறுப்பு வட்டத்துக்குள் நாலு, ஒரு விரல்கடை வெளியே ஒன்று. தெரு ஆர்ப்பரித்தது. "தெனம் முந்நூறு சுட்ட கையாச்சே" என்று அப்பா அவர் முதுகில் தட்டினார். சொல்தாவின் கண் கலங்கியிருந்தது, வெயிலுக்கு என்று துடைத்துக்கொண்டார்.

கடைசியாக அம்மா. அஞ்சாவது குண்டுக்குப் பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்தாள். அப்பா போய்த் தாளை எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒண்ணுதான் பட்டிருக்கு" என்றார், வருத்தமாக. உண்மையான வருத்தம், அவள் தோற்றதில் அவருக்குச் சந்தோஷமில்லை. "நடுவுல ஒரே ஒரு ஓட்டை. மத்த நாலும் எங்கயோ போயிடுச்சு."

"பரவால்லங்க, விடுங்க" என்றாள் அம்மா.

என்னால் விடமுடியவில்லை. பெட்டியிடம் ஓடினேன். அம்மாவுக்கு முன் புதுக் களிமண் அப்பியிருந்தேன், அதில் நடுவில் ஒரே ஒரு குழி. விரலை விட்டுத் தோண்டினேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பூண்டுப் பல் மாதிரி நசுங்கி, அஞ்சு குண்டு. களிமண்ணோடு அப்படியே கொண்டுவந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். தாளை எடுத்து அந்த ஓட்டையை மறுபடி பார்த்தார், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக, ஒரு குண்டுக்குச் சற்றே பெரிதான ஓட்டை. அம்மாவைப் பார்த்தார். அந்த மாதிரி அவர் அவளைப் பார்த்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"எப்படி அண்ணே?" என்று சொல்தாவிடம் திரும்பினார். "எங்களுக்குத் தெரியாம நீங்க கத்துக்குடுத்தீங்களா?"

சொல்தா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இல்லைங்க தம்பி. அவங்கதான் எனக்குக் கத்துக்குடுத்தாங்க."

தெரு கொல்லென்று சிரித்தது. "பெரிய மனுஷன்னா இப்படித்தான் இருக்கணும், எவ்வளவு தன்னடக்கம்" என்று அப்பா நெகிழ்ந்துபோனார். அம்மா அடுத்த குண்டை டப்பாவிலிருந்து எடுத்தாள்.